அத்தை கல்யாணம் டிவியில் வராத வரலாறு

1967 ஆகஸ்ட் 25, மேற்கு பெர்லின். கண்காட்சி மேடையில் மேற்கு ஜெர்மனியின் துணைச் சான்சலர் வில்லி பிராண்ட், கடை திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட வந்த பெரியவர் போல நிற்கிறார். எதிரில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். அதை அவர் அழுத்தினால் கறுப்பு வெள்ளை ஒழிந்து கலர் பிறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் முழுசாக அழுத்துவதற்குள் கலர் வந்துவிட்டது. பொத்தான் வெறும் டம்மி. உள்ளே உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் கொஞ்சம் முந்திக்கொண்டார்.

'பால்' என்ற வண்ணத் தொலைக்காட்சி முறை உலகத்துக்கு அரங்கேறிய லட்சணம் இது. அழுத்துவதற்கு முன்பே வந்தது. அதற்குப் பின்னால் வந்த வாரிசுகள் எல்லாம் எத்தனை தடவை அழுத்தினாலும் வராத ரகம். பினாங்கில் எந்தத் தமிழர் வீட்டுக் கூடத்தில் கேட்டாலும் இதற்குச் சாட்சி கிடைக்கும்.

பங்காளிச் சண்டை அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்தாயிற்று. அமெரிக்கா 1953லேயே தனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டது. என்.டி.எஸ்.சி. என்று பெயர். படத்துக்கு 525 கோடு, வினாடிக்கு ஏறக்குறைய 30 படம். அதில் முகத்தின் நிறம் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது என்று அந்த நாட்டு எஞ்சினியர்களே கேலி செய்தார்கள். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியின் வால்டர் புரூக் அந்தக் கோளாறைச் சரிசெய்து, 625 கோடு, வினாடிக்கு 25 படம் என்று 'பால்' முறையைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அமெரிக்கனும் ஆகாது, ஜெர்மன்காரனும் ஆகாது. அவர்கள் 'செக்காம்' என்று மூன்றாவது அடுப்பு மூட்டினார்கள். மூன்று முறைகள், மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மலேசியாவில் 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது, 1978ல் கலர் வந்தது. வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன மின்சாரம் வினாடிக்கு 50 துடிப்பு என்பதால் 50க்குப் பொருந்துகிற 'பால்' நம் தலையில் எழுதப்பட்டது. யாரும் நம்மைக் கேட்கவில்லை. 1786ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்து இறங்கியபோதும் யாரும் யாரையும் கேட்கவில்லை, அது வேறு கதை. 'பால்' முறையில் ஒரு சின்னக் கூத்தும் உண்டு. சினிமா எடுப்பது வினாடிக்கு 24 படம், டிவி காட்டுவது 25. அதனால் மூன்று மணி நேரத் தமிழ்ப்படம் டிவியில் ஏழு நிமிஷம் முன்னாலேயே முடிந்துவிடும். டி.எம்.எஸ். குரல் கொஞ்சம் சுருதி ஏறித்தான் ஒலிக்கும். நாங்கள் எல்லாம் அந்தச் சுருதியிலேயே அவரைக் கேட்டு வளர்ந்து, பிற்பாடு சரியான சுருதியில் கேட்டபோது அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தோம்.

இந்தச் சூழ்நிலையில்தான் 1983ல் எங்கள் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில். 1833ல் எழுந்த கோயில். அதன் சரித்திரத்தில் எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கும், ஆனால் எங்கள் குடும்பத்தில் வீடியோ எடுத்த முதல் கல்யாணம் அதுதான். கேமரா ஒருவர் தோளில், ரெக்கார்டர் இன்னொருவர் தோளில், லைட்டு மூன்றாமவர் கையில். லைட்டின் உக்கிரத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடியே தாலி கட்டினார். கட்டுகிற நேரம் பார்த்து ஒரு சித்தப்பா குறுக்கே வந்து குனிந்து தேங்காய்த் தட்டை எடுத்தார். ஆக, அந்த முகூர்த்த வீடியோவில் நிரந்தரமாகப் பதிந்திருப்பது சித்தப்பாவின் பின்பக்கம். அதைக் காப்பாற்றத்தான் குடும்பம் 40 வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிறது.

வீடியோ எடுத்தது பீட்டா டேப்பில். சோனி 1975ல் பீட்டாமேக்ஸைக் கொண்டுவந்தது. மறு வருஷமே ஜே.வி.சி. கம்பெனி வி.எச்.எஸ். என்று ஒன்றை இறக்கியது. இரண்டும் அரை அங்குல டேப்புதான். ஆனால் பெட்டியின் அளவு வேறு, டேப் ஓடும் வழி வேறு. இதை அதில் திணிக்க முடியாது. பீட்டாவில் படம் ஒரு பிடி தெளிவு என்று கடைக்காரர் சொன்னதை நம்பி மாமா பீட்டா பிளேயரே வாங்கினார். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. படம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் போட்டுப் பார்க்கப் படம் கிடைக்காது. முதலில் வந்த பீட்டா டேப் ஒரு மணி நேரம்தான் ஓடியது, வி.எச்.எஸ். இரண்டு மணி நேரம். சோனி பிறகு நேரத்தைக் கூட்டிப் பார்த்தது. அதற்குள் வி.எச்.எஸ். பிளேயரைப் பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்து விலையும் இறங்கிவிட்டது. எங்கள் தெருவைச் சுற்றி வாடகைக்கு டேப் விட்ட கடைகளில் வி.எச்.எஸ். சுவர் நிறைய அடுக்கியிருந்தது. பீட்டா ஒரு மூலையில், அதுவும் பெரும்பாலும் சீனக் கத்திச்சண்டை. மாமா அதையும் பார்த்தார். வாங்கிய காசுக்குப் பார்த்துத்தானே ஆக வேண்டும்!

1984ல் கல்யாண டேப்பின் நகல் ஒன்று எம்.வி. சிதம்பரம் கப்பலில் சென்னைக்குப் புறப்பட்டது, தஞ்சாவூர்ப் பக்கத்து உறவுக்காரர்களுக்காக. டேப், கோடாரித் தைலம், மைலோ டப்பா என்று ஒரு பெட்டி. அந்தக் கிராமத்தில் வீடியோ பிளேயருக்கு 'டெக்' என்று பெயர். டிவியும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, வாசலில் பாய் விரித்து, அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால் பீட்டா. டெக் வி.எச்.எஸ். டேப் உள்ளேயே போகவில்லை. கூட்டத்தை ஏமாற்றக் கூடாதே என்று டெக்காரர் கையில் வைத்திருந்த எம்.ஜி.ஆர். படத்தைப் போட்டார். பினாங்கில் கல்யாணம் ரொம்பப் பிரமாதமாக நடந்தது என்று அந்தக் கிராமத்தில் இன்றைக்கும் பேச்சு. மறுபடி வி.எச்.எஸ்.ஸில் நகல் எடுத்து அனுப்பலாம் என்று இருந்தபோது, 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலே தீப்பிடித்தது. பினாங்குக்கும் சென்னைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் அத்தோடு சரி.

1988ல் சோனியே வெட்கத்தை விட்டு வி.எச்.எஸ். பிளேயர் செய்ய இறங்கியது. அதற்கும் முன்னாலேயே மாமா இறங்கிவிட்டார். பீட்டாவிலிருந்து வி.எச்.எஸ்.ஸுக்கு நகல் எடுத்தோம். நகலுக்கு நகல் என்றால் என்ன ஆகும் என்பதை அப்போதுதான் பார்த்தோம். அத்தையின் கூறைப்புடவைச் சிவப்பு, எல்லையைத் தாண்டி அவர் கன்னத்துக்கும் பக்கத்தில் நின்ற பாட்டியின் கன்னத்துக்கும் பரவியிருந்தது. நாதஸ்வரம் தண்ணீருக்கு அடியில் வாசித்த மாதிரி கேட்டது. இதற்கிடையில் டொராண்டோவில் குடியேறிய பெரியம்மா மகள் பிறந்தநாள் டேப் ஒன்றை அனுப்பினாள். வி.எச்.எஸ்.தான், பிளேயருக்குள் அழகாகப் போனது. ஆனால் கனடா என்.டி.எஸ்.சி. தேசம். எங்கள் 'பால்' டிவியில் குழந்தை கறுப்பு வெள்ளையில் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது. பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "அந்த ஊர்க் குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கலை" என்று திருநீறு மடித்து அனுப்பினார்.

பினாங்கின் ஈரக் காற்று டேப்பையும் விடாது. அலமாரியில் பத்து வருஷம் இருந்தால் கேசட்டின் கண்ணாடி வழியே வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருப்பது தெரியும். அதைப் பிளேயரில் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஏறும். ஹெட்டிலிருந்து அடுத்த டேப்புக்குப் போகும். இப்படி ஒரு உறவுக்காரர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா டேப்பிலிருந்து எங்கள் வீட்டு மூன்று டேப்புக்குத் தொற்றியது. மறு வருஷம் தீபாவளிக்கு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை.

பிறகு வி.சி.டி. வந்தது. 1993ல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிதா, ஜே.வி.சி. என்று பழைய எதிரிகள் எல்லாம் ஒன்றாகக் கூடி வகுத்த முறை. சமாதானமாகப் போனார்களே என்று சந்தோஷப்பட்ட நேரத்தில், பாட்டு சி.டி. அளவிலேயே சினிமாவை அடைத்துத் தந்தார்கள். ஒரு தட்டில் 74 நிமிஷம். அதனால் தமிழ்ப்படம் மூன்று தட்டு. கிளைமாக்ஸ் தட்டுக்குத்தான் எப்போதும் கீறல் விழும். படத்தின் அளவு 352க்கு 288 புள்ளி. ஒரு வினாடிக்கு 1150 கிலோபிட், அதில் 25 படம். கணக்குப் போட்டால் ஒரு படத்துக்குச் சராசரி 6 கிலோபைட்டுக்கும் குறைவு. இந்தத் துக்கடா இடத்தில் எப்படி முழுப்படம் அடங்கும்? அடங்காது. எம்பெக்-1 என்ற அந்தச் சுருக்கும் முறை, போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன மாறியதோ அதை மட்டும் எழுதிக்கொள்ளும். மாறாததைத் திரும்ப எழுதாது. சாமி அசையாமல் நின்றால் படம் அற்புதம்.

பினாங்குத் தைப்பூசத்தில் எது அசையாமல் நிற்கிறது? பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைப் பக்கம் கிளம்பினால் வழி நெடுகத் தேங்காய் மலை. தமிழர்கள் மட்டுமா, சீனர்களும் கூடை கூடையாகக் கொட்டி உடைப்பார்கள். ஒரே நொடியில் சில்லும் நீரும் நாலா பக்கமும் தெறிக்கும். எம்பெக்-1க்கு அந்த நொடியில் எல்லாமே மாற்றம். எழுத இடமில்லை. ரதம், கூட்டம், முருகன் எல்லாரும் சதுரம் சதுரமாக உடைவார்கள். இரண்டு வினாடி கழித்துத்தான் திரும்ப ஒன்று சேர்வார்கள். அந்தக் காலத்துத் தைப்பூச வி.சி.டி.யைப் போட்டுப் பாருங்கள், தேங்காயைவிட முருகன்தான் அதிகம் உடைந்திருப்பார். வி.சி.டி.க்கு மாற்றிய அத்தை கல்யாணத்தில் அந்த வேலையை ஓமப் புகை செய்தது. ஐயர் நெய் ஊற்றும்போதெல்லாம் மணமக்கள் கட்டம்போட்ட கைலி மாதிரி ஆனார்கள்.

டி.வி.டி. காலத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். உலகத்தை வட்டாரங்களாக வெட்டி மலேசியாவுக்கு 3, இந்தியாவுக்கு 5, ஐரோப்பாவுக்கு 2 என்று எண் ஒட்டினார்கள். பெர்ரிங்கி ராச்சந்தைத் திருட்டுத் தட்டுகளுக்கு எந்த எண்ணும் கிடையாது, எல்லாப் பிளேயரிலும் ஓடும். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல்தான் ஓடாது. திருட்டுத் தட்டைத் தடுக்க நாட்டில் 2000ல் ஒளித்தட்டுச் சட்டமே கொண்டுவந்தார்கள். வீட்டில் எழுதும் தட்டில் வட்டாரத் தொல்லை இல்லை, ஆனால் பிளஸ் ஆர், மைனஸ் ஆர் என்று இரண்டு சாதி. எழுதி முடித்ததும் 'ஃபைனலைஸ்' என்று ஒரு முத்திரை வைக்காவிட்டால் எழுதிய மிஷினைத் தவிர வேறு எங்கேயும் பேசாது. கொம்தாரில் ஒரு கடையில் காசு வாங்கிக்கொண்டு அத்தை கல்யாணத்தைத் தட்டில் ஏற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் 'நோ டிஸ்க்'. திரும்பக் கொண்டுபோனால் கடைக்காரர் தன் கடைப் பிளேயரில் போட்டுக் காட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. "பார்த்தியா, ஓகே லா!" என்றார். அவர் சொன்னது சரிதான், கல்யாணம் அவர் கடையில் மட்டும் நடந்தது.

இந்த இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். ஜெரோம் ரோட்டா என்று பெயர். 1990களின் கடைசியில் தன் வேலைத் தொகுப்பை மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 கோடெக்கில், அதாவது படத்தைச் சுருக்கி விரிக்கும் மென்பொருளில், வீடியோவாக வைத்திருந்தார். மைக்ரோசாஃப்ட் புது பிளேயர் விட்டது. அதில் அவருடைய வீடியோ ஓடவில்லை. நாமாக இருந்தால் கடைக்காரரைத் திட்டியிருப்போம். அவர் ஒரு ஜெர்மன் சகாவைச் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் போல உட்கார்ந்து அந்தக் கோடெக்கையே பிரித்து மேய்ந்து, பூட்டைக் கழற்றி, கண்ணடிக்கும் குறியோடு 'டிவ்எக்ஸ்' என்று பெயர் வைத்து ஊருக்குக் கொடுத்தார். ஒரு டி.வி.டி. படம் ஒரு சாதாரண சி.டி.யில் அடங்க ஆரம்பித்தது. பிறகு அது கம்பெனியாகி, கதவைச் சாத்திக்கொண்டதும், கோபித்துக்கொண்டு போனவர்கள் பெயரைத் திருப்பிப் போட்டு 'எக்ஸ்விட்' என்று இன்னொன்று செய்தார்கள்.

அத்தைமகன் அப்போது கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். தாயின் கல்யாணத்தை 'ஏ.வி.ஐ.' கோப்பாக்கி ஒரு சி.டி.யில் வைத்தான். முகப்பில் டிவ்எக்ஸ் முத்திரை குத்திய பிளேயரும் வாங்கி வந்தான். ஓடவில்லை. கோப்பு எக்ஸ்விட். இரண்டும் ஒரே எம்பெக்-4 வம்சம்தான், ஆனால் கோப்பின் தலையில் நாலெழுத்தில் ஒரு ஜாதகம் எழுதியிருக்கும். பிளேயர் அந்த நாலெழுத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடும். அதை மட்டும் மாற்றி எழுத ஒரு குட்டி மென்பொருள் இருந்தது. படத்தில் ஒரு புள்ளியைத் தொடாமல், எக்ஸ்விட் என்பதை அழித்து டிவ்எக்ஸ் என்று எழுதினான். பிளேயர் பேசாமல் வாங்கிக்கொண்டு ஓட்டியது. சித்தப்பாவின் பின்பக்கம் பல வருஷம் கழித்துத் திரையில் உதயமானது. நாலெழுத்தைத் திருத்தி ஒரு கல்யாணம் நடந்ததைப் பார்த்து அத்தை கேட்டார்: "ஏன்டா தம்பி, அன்னைக்கு நெஜக் கல்யாணத்துக்கு ஒரு தடையும் வரலையே, இப்ப ஏன் இத்தனை தடை?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஊரும் எங்கள் ஊர்தான். 1972ல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைக் கட்டியது பினாங்குத் தீவில்தான். ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் வரிசையாக வந்து இறங்கினார்கள். எங்கள் வீட்டுப் பெண்களே இரண்டு பேர் தலையில் தொப்பியும் கையில் உறையுமாக நைட் ஷிஃப்ட் போனார்கள். உலகத்துக்கே சிப் அடைத்து அனுப்புகிற தீவு, ஒரு கல்யாண வீடியோவைத் தன் டிவியில் போட முடியாமல் நாக்குத் தள்ளியது. அந்த இன்டெல்லே 1990களில் 'இன்டியோ' என்று சொந்தமாக ஒரு கோடெக் நடத்தியது. 2009ல் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணம் சொல்லி பழைய விண்டோஸிலும் அதன் வாயைக் கட்டியது. பெரிய முதலாளி வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி என்றால் அத்தை எந்த மூலை?

டிவிக்குப் பின்னால் யு.எஸ்.பி. துளை வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தார்கள். பெரிய கோப்பாக ஏற்றினால், பழைய முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே கோப்பை வாங்காது. சின்னதாக வெட்டி ஏற்றினால் படம் வரும், ஒலி வராது, டி.டி.எஸ். ஒலியைச் சில டிவிகள் சீண்டுவதில்லை. வேறு மாதிரி மாற்றினால் மேளம் கேட்கும், தாலி தெரியாது. நடுவில் எச்.264 என்று ஒரு நல்ல மனிதர் 2003ல் வந்து எல்லா வீட்டிலும் ஒத்துப்போனார். நல்லவரை இருக்க விடுவார்களா? 2013ல் எச்.265 வந்தது. பாதி இடத்தில் அதே தரம் என்று பெருமை. ஆனால் அதன் காப்புரிமைக்கு மூன்று கூட்டங்கள் தனித்தனி உண்டியலோடு நின்றன. மைக்ரோசாஃப்ட் தன் கடையில் அந்தக் கோடெக்கை 99 அமெரிக்க சென்ட்டுக்கு விற்றது. ஆப்பிள் 2017லிருந்து புது ஐபோன்களில் அதையே வழக்கமாக்கியது. இப்போது அத்தையின் பேரனுடைய காதணி விழா எச்.265ல் இருக்கிறது. மாமாவின் பத்து வருஷத்து டிவி அதைப் பார்த்து, 'ஃபார்மட் நாட் சப்போர்ட்டட்' என்று 1984 தஞ்சாவூர் டெக்காரர் மாதிரியே கையை விரிக்கிறது. கையில் மாற்றுக்கு எம்.ஜி.ஆர். படமும் இல்லை.

நடுவில் ஒரே ஆறுதல், பாரிஸில் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996ல் தொடங்கிய வி.எல்.சி. தெருவில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பைச் சின்னமாக வைத்துக்கொண்டு, பைசா வாங்காமல், எதைக் கொடுத்தாலும் ஓட்டுகிற ஒரே ஜீவன் அதுதான். சிலை வைப்பதானால் பிரான்சிஸ் லைட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கூம்புக்கும் ஒன்று வைக்கலாம் என்பது என் கட்சி.

இப்போது நிலவரம். சோனி பீட்டா ரெக்கார்டர் செய்வதை 2002லும், பீட்டா கேசட் விற்பதை 2016 மார்ச்சிலும் நிறுத்திவிட்டது. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி வி.எச்.எஸ். பிளேயர் செய்வதை 2016 ஜூலையில் நிறுத்தியது. இருக்கிற பழைய பிளேயர்களில் ரப்பர் பெல்ட் இளகிக்கொண்டிருக்கிறது. எனவே வீட்டில் டேப் இருந்தால் அடுத்த தைப்பூசம் வரை ஒத்திப்போடாதீர்கள். பூஞ்சை பூத்ததை நீங்களே பிளேயரில் போடாமல், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எம்.பி.4 கோப்பு, உள்ளே எச்.264 படம், ஏ.ஏ.சி. ஒலி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியே கொடுங்கள். வேறு எதையாவது புதுசு என்று அவர் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேனே என்பதை நகல் என்று எண்ணாதீர்கள், அது வி.சி.டி.க்கும் தங்கச்சி. மூல டேப்பைத் தூக்கி எறியாதீர்கள். முக்கியமாக, முழுக் காசையும் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கோப்பைக் கடைக்காரரின் டிவியில் அல்ல, உங்கள் வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள்.